கொடுப்பவரும் கொள்பவரும்: லயத்து அடுப்படியில் ஓர் அறக் கேள்வி

பசித்தவருக்குச் சோறு போடுவதை எல்லாச் சமயங்களும் அறம் என்கின்றன. ஆனால் அந்த அறத்துக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. கொடுக்கிறவர் உயர்ந்து நிற்கிறார்; வாங்குகிறவர் குனிய நேர்கிறது. வயிறு நிறைந்த பிறகும் மனத்தில் சிறுமை தங்கிவிட்டால் அந்தச் சோறு முழுமையாகக் கொடுக்கப்பட்டதாகுமா? கொடுத்தவருக்கு உண்டாகும் மகிழ்ச்சி, தம் பெருமையைத் தாமே சுவைத்த மகிழ்ச்சியாக இருந்தால் அதை அறத்தில் சேர்க்கலாமா?

இந்தியச் சிந்தனை இதற்குத் தந்த விடைகளில் மிகப் பழையது, உணவைக் கடனாகக் கருதுவது. தனித்து உண்பவன் பாவத்தையும் தனித்தே சுமக்கிறான் என்பது இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் கருத்து. தனக்காக மட்டும் சமைப்பவன் உண்பது பாவத்தையே என்கிறது பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயம். கடனைத் தீர்க்கிறவருக்குப் பெருமை கொள்ள இடமில்லை என்பது இந்த விடையின் பலம். மகிழ்ச்சிக்கும் அதில் அவ்வளவாக இடமில்லை. அந்தக் குறையை வள்ளுவர் தீர்த்தார். விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தையும் ஈகைக்கு இருபத்துமூன்றாம் அதிகாரத்தையும் ஒதுக்கியவர், கொடுத்து மகிழும் இன்பத்தை ஒளிவின்றிப் போற்றினார். விருந்தினர் முகம் வாடுவதைப் பற்றியும் பேசினார். அவர் பார்வை கொடுப்பவரின் உள்ளத்தோடு நிற்காமல் கொள்பவரின் முகத்துக்கும் போகிறது.

பௌத்தம் கொடையை மூன்று கணங்களாகப் பிரித்துப் பார்த்தது. கொடுப்பதற்கு முன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்த பின் நிறைவு ஆகிய மூன்றும் கொடுப்பவரிடம் இருக்க வேண்டும் என்று பாலி மொழியின் அங்குத்தர நிகாயம் கூறுகிறது. கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியதும், முகம் சுளித்துக் கொடுத்ததும் இந்த அளவுகோலில் நிற்காது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை இதே மரபில் வந்த தமிழ்க் காப்பியம். அதில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரம் ஒரு துறவிப் பெண்ணின் கைக்கு வருகிறது. அந்தப் பாத்திரத்தில் முதல் உணவை இடுகிறவளோ இல்லறத்தாளான ஆதிரை. அமுதசுரபிக்கும் தொடக்கம் ஒரு வீட்டுச் சமையல்தான் என்று காப்பியம் வைத்திருப்பது ஆழ்ந்த கருத்து.

இந்த விடைகளையெல்லாம் நடைமுறையில் வைத்துப் பார்க்க இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்கள் நல்ல இடம். இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி நோக்கிப் போகும் வீதியில் உள்ள சிறு நகரம் கொடகவெல. அதைச் சுற்றியும் ரக்வானை, கஹவத்தைப் பக்கமும் தேயிலையும் இறப்பரும் விளைகின்றன. சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது காம்பரா என்ற சிறிய அறையும் முன்னால் இஸ்தோப்பு என்ற தாழ்வாரமும். ஒரு வீட்டில் தாளிக்கும் வாசம் அடுத்த நாலு வீட்டுக்கும் போகும். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பதை மறைக்க முடியாது.

அன்றாடச் சாப்பாடு எளியது. விடியுமுன் கோதுமை மா ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, சாயத்தண்ணி (வெறுந்தேநீர்) ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மழை மிகுந்த இந்த மண்ணில் பலாக்காயும் ஈரப்பலாவும் கிடைக்கும் காலத்தில் கறி கொஞ்சம் தாராளமாகும். தட்டு ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்குப் போவது அப்போதுதான். கறி போன கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை. நாலு நாள் கழித்தாவது ஏதாவது ஒன்றோடு வரும். அரிசி, மா, மிளகாய் கைமாற்றாகப் போய் வரும். இன்று கொடுத்தவர் அடுத்த வாரம் வாங்குகிறவர். ஆகவே யாரும் நிரந்தரமாக மேலே நிற்க முடியாது. தானத்தின் சிக்கலுக்கு இந்த மக்கள் கண்ட தீர்வு தத்துவ நூல்களின் தீர்வை விட எளிது, ஒரு வகையில் உறுதியானதும் கூட.

சாவு விழுந்த வீட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்து வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறார்கள். வாங்கி உண்பவருக்கு அதில் கூச்சம் இல்லை. எல்லா வீட்டுக்கும் அந்த நாள் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மாரியம்மன் திருவிழாவின் அன்னதானமும் இப்படித்தான். தோட்டக் கோயிலின் செலவுக்குத் தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்தே பணம் கொடுக்கிறார்கள். பந்தியில் உட்காருகிறவர்தான் அதற்குக் காசு போட்டவரும். ஒரு செல்வரின் பெயரில் நடக்கும் அன்னதானத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. இங்கே நன்றி அம்மனுக்குப் போகிறது, எந்த மனிதருக்கும் அல்ல.

வேலிக்கு அப்பாலும் உணவு போகிறது. தைப்பொங்கலன்று பொங்கலும், தீபாவளிக்குப் பலகாரமும் சிங்கள வீடுகளுக்குப் போகும். சித்திரைப் புத்தாண்டில் அங்கிருந்து பால்சோறும் கொக்கிஸ் பலகாரமும் வரும். வெசாக், பொசன் போயா (பௌர்ணமி) நாட்களில் வீதியோரத் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல்களில் சோறு, மரவள்ளிக் கிழங்கு, கடலை, குடிபானம் என்று வழிப்போக்கர் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். இனமோ மதமோ கேட்பதில்லை. இந்தப் பரிமாற்றத்தை மேலோட்டமாகப் புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமல்ல. 1981 ஆகஸ்டில் இதே இரத்தினபுரி மாவட்டத்தில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு, வீடிழந்து ஓடினார்கள். பகிர்ந்துண்டது வன்முறையைத் தடுக்கவில்லை. அதன் பிறகும் தட்டுகள் வேலியைத் தாண்டிப் போகின்றன என்பதுதான் மதிக்க வேண்டியது. அது பழக்கத்தால் மட்டும் நடப்பதல்ல. நம்பிக்கையை மறுபடி கட்ட வேண்டும் என்ற முடிவும் அதில் இருக்கிறது.

பஞ்சம் இந்த அறத்தைக் கடுமையாகச் சோதித்தது. 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்டவர்கள் தோட்டத் தொழிலாளர். பட்டினியால் உயிர்கள் போயின. 2022 பொருளாதார நெருக்கடியில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது மாவின் விலையே லயத்து அடுப்பைத் தீர்மானித்தது. எல்லாருக்கும் இல்லாதபோது பகிர்வு ஓர் எல்லைக்கு மேல் காப்பாற்றாது. அண்டை வீட்டாரின் அன்பு நியாயமான கூலிக்கு ஈடாகாது. பகிர்வைப் புகழும் சமய நூல்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

லயத்துப் பகிர்வுக்குள்ளேயும் குறைகள் உண்டு. சாதி நெடுங்காலம் தட்டை நிறுத்தியது. வேலை ஒன்று, சம்பளம் ஒன்று, மழை ஒன்று என்றிருந்தும் சிலர் வீட்டில் சிலர் தண்ணீரும் குடிக்கவில்லை. அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது, முற்றாக விடவில்லை.

இன்னொரு குறை அடுப்படியிலேயே இருக்கிறது. பெரிய புராணத்தின் இளையான்குடி மாறநாயனார் கதை விருந்தோம்பலின் உச்சமாகச் சொல்லப்படுவது. வறுமை முற்றிய வீட்டுக்கு மழையிரவில் சிவனடியார் வருகிறார். அன்று விதைத்த நெல்லைத் திரும்ப வாரிக் கொண்டுவரலாம் என்ற யோசனையைச் சொல்கிறவர் நாயனாரின் மனைவி. கணவர் இருட்டில் வயலுக்குப் போய் முளையை வாரி வருகிறார், கூரையின் மரத்தை அறுத்து விறகாக்குகிறார். அந்த ஈர நெல்லை வறுத்துச் சோறாக்கியவரும், பறித்து வந்த கீரையைப் பல வகைக் கறியாக்கியவரும் அந்த அம்மையார். நாயன்மார் வரிசையில் பெயர் பெற்றவரோ கணவர்.

தோட்டத்திலும் நிலைமை வேறல்ல. பகல் முழுதும் கொழுந்து பறித்து வந்த பெண்தான் மாலையிலும் மா பிசைகிறாள். விருந்தினர் வந்தால் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறவளும் பெரும்பாலும் அவள்தான். கொடுப்பதன் மகிழ்ச்சி அவளுக்கு உண்மையாகவே உண்டு. களைப்பும் அதே அளவுக்கு உண்மை. கோயில் அன்னதானத்தில் பெரிய சட்டியில் சோறு வடிப்பதும் சாம்பார் கிண்டுவதும் ஆண்கள். அந்தக் கைக்குச் சமையல் தெரியாமல் இல்லை. பகிர்ந்துண்பது அறம் என்றால் பகிர்ந்து சமைப்பதும் அதில் சேரும். திருவிழாவில் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆண்கள் மற்ற நாட்களில் வீட்டு அடுப்புக்குப் பக்கத்திலும் நிற்க வேண்டும்.