கோளும் முறைப்பாடும்

கோள் சொல்லுதலும் முறைப்பாடு செய்தலும் ஒரு செயலுக்கு வழங்கும் இரு பெயர்களோ, அன்றி வேறு வேறு செயல்களோ என்னும் வினா ஆசிரியர்களாகிய நமக்குப் புதியதன்று. வகுப்பிலே ஒரு பிள்ளை எழுந்து நின்று, "சேர், அவன் இப்படிச் செய்தான்" என்று சொல்லுந்தோறும் நாம் அவ்வினாவுக்கு ஏதோவொரு விடை அளித்தே வருகின்றோம். "நீ உன் வேலையைப் பார்" என்பதே பெரும்பாலும் அவ்விடையாகும். திருக்குறளிலே புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே உண்டு. அதனைப் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்வித்தும் வருகின்றோம். இதனோடு, யாம் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே ஆங்கிலேயர் வழிவந்த பிறிதொரு மரபும் இருந்தது. உடன் மாணாக்கனைக் காட்டிக்கொடுப்பவன் ஆண்மையற்றவன் என்பது அது. குற்றஞ் செய்தவனிலும் அதனைச் சொன்னவனே அங்கு மிகுதியும் இகழப்பட்டான். இவ்விரு மரபுகளுங் கூடி, குற்றத்தைக் கண்டும் வாளாவிருத்தலே கண்ணியம் என்னும் ஒரு மனப்பாங்கை நம்மவரிடத்து வேரூன்றச் செய்துவிட்டன.

இம்மனப்பாங்கு தக்கதோ என ஆராய்தற்கு, நமக்குச் சொந்த விருப்பு வெறுப்பில்லாத தூரதேசத்து வழக்கொன்றை எடுத்துக்கொள்ளுதல் நலம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த வழக்கு அது. அவ்வழக்கின் அரசியல் முடிவு யாவருக்குந் தெரிந்ததே. யாம் இங்கே நோக்க விரும்புவது, ஒரு முறைப்பாட்டுக் கடிதம் கைமாறிச் சென்ற வழியும், அவ்வழியில் நின்ற ஒவ்வொருவருக்கும் நேர்ந்த தருமசங்கடமுமேயாம்.

அத்தேசத்துப் புலனாய்வுச் சேவைகளில் உள்ளோர் தாம் அறிந்தவற்றை வெளியே சொல்லலாகாது, சொன்னாற் சிறை. ஆயின் அச்சேவைகளின் உள்ளேயே முறைகேடு நிகழுமாயின் யாரிடஞ் சொல்வது? இதற்கென 1998ஆம் ஆண்டிலே ஒரு சட்டஞ் செய்தனர். முறைப்பாட்டாளர் தமது கடிதத்தைத் தலைமைப் பரிசோதகரிடம் கொடுத்தல் வேண்டும். அவர் 14 நாட்களுக்குள் அது நம்பத்தக்கதோ, அவசரக் கவனத்துக்குரியதோ எனத் துணிதல் வேண்டும். ஆமெனின், புலனாய்வுச் சேவைகளின் தலைவரிடம் அதனைச் சேர்ப்பிக்க, அத்தலைவர் 7 நாட்களுக்குள் சட்டசபையின் புலனாய்வுக் குழுக்களுக்கு அனுப்புதல் வேண்டும். இரகசியமும் காக்கப்படும், முறைப்பாடும் புதைக்கப்படாது. பார்க்குமிடத்து நல்ல ஏற்பாடே. இதிலே ஒரு குறை மாத்திரம் ஒளிந்து கிடந்தது. கடிதஞ் செல்லும் வழியில் நிற்போருக்கெல்லாம் மேலானவரே குற்றஞ்சாட்டப்படின் என்ன செய்வது என்பதை அது நேராக எடுத்துப் பேசவில்லை.

2019 ஆகஸ்ட் 12ஆந் தேதி புலனாய்வு உத்தியோகத்தர் ஒருவர் அத்தகையதொரு முறைப்பாட்டையே எழுதினார். யூலை 25ஆந் தேதி சனாதிபதி டொனல்ட் ட்ரம்ப், உக்கிரேன் தேசத்துச் சனாதிபதி செலென்ஸ்கியுடன் தொலைபேசியிற் பேசியவிடத்து, தமக்கு எதிராகத் தேர்தலில் நிற்கக்கூடிய யோசப் பைடனையும் அவர் மகனையும் பற்றி விசாரணை நடத்தும்படி கேட்டார் என்பதும், அரசின் அதிகாரத்தைத் தமது தேர்தல் நலத்துக்குப் பயன்படுத்தினார் என்பதும் அதன் சாரம். தலைமைப் பரிசோதகர் மைக்கேல் அற்கின்சன் அதனை ஆராய்ந்து, நம்பத்தக்கது, அவசரமானது எனத் துணிந்து, ஆகஸ்ட் 26ஆந் தேதி, விதித்த 14ஆம் நாளிலே, சேவைகளின் பதில் தலைவர் யோசப் மக்குவயரிடம் கொடுத்தார். மக்குவயரோ அப்பதவியை ஏற்றுப் பத்து நாட்களே ஆகியிருந்தன.

இங்கே சற்று நின்று, மக்குவயர் என்பார் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தல் வேண்டும். அவர் கடற்படையிலே முப்பத்தாறு ஆண்டு சேவைசெய்து உயர்பதவி வகித்தவர். அவரைக் கோழை என்றாவது சூழ்ச்சிக்காரர் என்றாவது சொல்லுதல் எளிது, அது நியாயமாகாது. அவர் கையிலிருந்த கடிதம் ஒரு தேசத்தின் தலைவர் இன்னொரு தேசத்தின் தலைவருடன் பேசியதைப் பற்றியது. அவ்வகைப் பேச்சை மறைத்துவைக்கும் உரிமை சனாதிபதிக்குரியது. அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தமக்கில்லை என்று அவர் கருதினார். ஆகலின் வெள்ளை மாளிகைச் சட்டவறிஞரையும் நீதித் திணைக்களத்தையும் உசாவினார். நீதித் திணைக்களத்துச் சட்ட ஆலோசனைப் பிரிவினர் செப்டெம்பர் 3ஆந் தேதி தம் கருத்தை எழுதினர். சட்டத்தின் சொற்களின்படி "அவசரக் கவனத்துக்குரியது" என்பது சேவைத் தலைவரின் அதிகாரத்துக்குட்பட்ட புலனாய்வுக் கருமங்களையே குறிக்கும். சனாதிபதி அத்தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டவரல்லர். ஆகவே அனுப்பவேண்டிய கடமை இல்லை என்பது அக்கருத்து. சொற்பொருள் நோக்கிற் பார்ப்பார்க்கு இவ்வாதம் வெறும் போலியன்று. சூத்திரத்துக்கு உரை காண்பவர் இதனை எளிதிற் புறந்தள்ளார்.

ஆயினும், எம் கருத்திலே, மக்குவயர் இடறியது சொற்பொருளில் அன்று; உசாவிய இடத்திலேயே. குற்றச்சாட்டு எந்த வீட்டைப் பற்றியதோ அந்த வீட்டுக் கதவையே தட்டி, "இதனை வெளியே கொடுக்கலாமா?" என்று அவர் கேட்டார். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாதல் கூடாதென்பது எத்தேசத்து நீதிநூலும் ஒப்பும் முறை. நீதித் திணைக்களமும் அச்சனாதிபதியின் கீழேயே இருந்தது. நல்லெண்ணமுள்ள மனிதன் ஒருவன், தக்க முறையிலே ஆலோசனை கேட்டு, அவ்வாலோசனைப்படி நடந்து, அதனாலேயே முறைப்பாடு கிணற்றிலிட்ட கல்லாய்க் கிடக்கச் செய்யக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. ஒரு கருமத்தை அதிகாரிகளிடம் விடுத்துவிட்டால் நம் பொறுப்பு நீங்கிற்று என எண்ணும் வழக்கம் நம்முள்ளும் உண்டு. எந்த அதிகாரியிடம் என்று கேட்பவர் சிலரே.

இனி முறைப்பாட்டாளரைப் பற்றி எழுந்த ஆட்சேபங்களை நோக்குவாம். அவர் எழுதியவற்றுட் பெரும்பாலன பிறர் சொல்லக் கேட்டவை. அதனை அவரே தம் கடிதத்திற் சொல்லியிருந்தார். அன்றியும், அவர் மறுகட்சியாரிடத்துச் சார்புடையவராயிருக்கலாம் என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டெனப் பரிசோதகர்தாமே எழுதி, ஆயினும் தம் முடிவு அதனால் மாறவில்லை என்றார். தாம் தவறேதும் இழைத்திலர் என்று சொல்லிய சனாதிபதி, தம்மைக் குற்றஞ்சாட்டியவரை நேரிற் காணவேண்டுமென்று கேட்டார். அவருடைய பெயரை வெளியிடுமாறு பலருங் கூக்குரலிட்டனர்.

கோளையும் முறைப்பாட்டையும் பிரித்தறிதற்குச் சொல்பவரின் மனத்தூய்மையே அளவுகோல் என்றே நம்மிற் பலர் கருதுவர். பொறாமையாற் சொன்னாற் கோள். நல்லெண்ணத்தாற் சொன்னால் முறைப்பாடு. இது கேட்பதற்கு இனிது, பயன்படாது. பிறர் மனத்தை அளப்பவர் யார்? அளந்தறிந்தாலும், அழுக்காறுள்ளவன் வாயிலிருந்து மெய் வாராதென்பது எந்த நியாயம்? பனையோலைக் கூரை தீப்பற்றியதென்று கூவுகின்றவன் அவ்வீட்டுக்காரனோடு பத்தாண்டு பகையுள்ளவனாகவே இருக்கட்டும். அண்ணாந்து கூரையைப் பார்த்தலன்றோ அறிவுடைமை! தீ இருப்பின் அணைக்கலாம். இல்லையேல் கூவினவனை அப்போது விசாரிக்கலாம். சொல்பவனது புண்ணிய பாவம் அவனுக்கு. சொல்லின் மெய் பொய் நமக்கு.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே உள்ளது? கோள் என்பது கேட்கக் கடமையில்லாதவர் காதிலே, சோதித்தறிய வழியில்லாதபடி ஊற்றப்படுவது. முறைப்பாடு என்பது கேட்டு விசாரிக்கக் கடமைப்பட்டவரிடம், சோதிக்கத்தக்க உருவிலே வைக்கப்படுவது. நாளும் இடமும் செயலுங் குறித்துச் சொன்ன அக்கடிதம் இரண்டாவது வகையையே சார்ந்தது. பின்னர் அத்தொலைபேசிப் பேச்சின் குறிப்பை வெள்ளை மாளிகையே செப்டெம்பர் 25ஆந் தேதி வெளியிட்டது; நேரிற் கண்டோருங் கேட்டோரும் சட்டசபைக் குழுவின் முன் சத்தியஞ் செய்து சாட்சி பகர்ந்தனர். அதன்பின் முதற் கடிதத்தை எழுதியவரின் பெயர் விசாரணைக்கு எவ்வாற்றானும் வேண்டியதாயிருக்கவில்லை. அவர் சாட்சியல்லர்; சாட்சிகள் இருக்குமிடத்தைச் சுட்டிய கைகாட்டி மரம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தன்மேற் சாட்சி சொல்பவனை நேரிற் காண உரிமையுடையவன் என்பது மெய்யே. கைகாட்டி மரத்தைக் காண அவ்வுரிமை இல்லை.

வகுப்பறையிலும் இவ்வேறுபாடு செல்லும் என்றே எண்ணுகின்றோம். ஒரு பிள்ளையின் புத்தகங் களவுபோயிற்றென்று மற்றொரு பிள்ளை ஆசிரியரிடஞ் சொல்லுதலும், அதே செய்தியைப் பின்வாங்கிலிருந்து பத்துப்பேருக்குக் கிசுகிசுத்தலும் ஒன்றல்ல. இரண்டையும் "நீ உன் வேலையைப் பார்" என்னும் ஒரே வாக்கியத்தால் அடக்கிவிடும்போது, கிசுகிசுப்பதை நாம் நிறுத்துவதில்லை. ஆசிரியரிடஞ் சொல்வதையே நிறுத்திவிடுகின்றோம்.

கேட்கக் கடமைப்பட்டவர் கேட்க விரும்பாதபோது வருந் துன்பம் வேறு. திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஒப்புநோக்கும்படி அரசனுக்குச் சொல்கின்றது. அங்கே ஒற்றரை மேற்பார்ப்பவன் அரசன். குடியரசிலோ, ஒற்றரையும் அவரை ஏவுகின்ற தலைவனையும் மேற்பார்க்கும் கடமை குடிகளின் பிரதிநிதிகளுக்கு வந்துசேர்ந்தது. அக்கடமையை அமெரிக்கச் சட்டசபை விரும்பி ஏற்கவில்லை. 1956ஆம் ஆண்டிலே செனற்றர் மைக் மான்ஸ்பீல்ட், புலனாய்வை மேற்பார்க்க ஒரு கூட்டுக்குழு வேண்டுமென்று கொண்டுவந்த பிரேரணை 27க்கு எதிராக 59 வாக்குகளால் தோற்றது. அவ்விவாதத்திலே லெவரெற் சோல்ற்றன்ஸ்ரோல் என்னும் மூத்த செனற்றர், அத்தகைய இரகசியங்களை அறியாதிருத்தலையே தாம் விரும்புவதாக வெளிப்படையாகக் கூறினார். அறியாமை சுகந் தருவது. அறிந்தபின் பொறுப்பு வந்துவிடுகின்றது. இருபதாண்டு சென்று, 1975ஆம் ஆண்டிலே செனற்றர் பிராங்க் சேர்ச் தலைமையிற் கூடிய குழு ஆராய்ந்தபோது, குடிகளின் கடிதங்கள் இரகசியமாகப் பிரித்துப் படிக்கப்பட்டமையும், அந்நிய தேசத்துத் தலைவர்களைக் கொல்லச் சதிகள் செய்யப்பட்டமையும், மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் வேவு பார்க்கப்பட்டமையும் வெளிப்பட்டன. அதன் பின்னரே 1976இல் செனற் சபையிலும் 1977இல் பிரதிநிதிகள் சபையிலும் நிலையான புலனாய்வுக் குழுக்கள் அமைந்தன.

இத்தனைக்கும் அத்தேசம் தோன்றிய காலத்திலேயே நல்லதொரு முன்மாதிரி அவர்களுக்கு இருந்தது. 1777ஆம் ஆண்டு, "வாரன்" என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்த பத்துப்பேர், கடற்படைத் தளபதி ஈசெக் ஹொப்கின்ஸ் சிறைப்பட்ட ஆங்கிலேயரைக் கொடுமையாய் நடத்தினார் என்பது முதலிய குற்றங்களை எழுதிக் காங்கிரசுக்கு அனுப்பினர். எதிரிகளிடத்துக் காட்டப்பட்ட கொடுமையைத் தம் தலைவன்மேற் குற்றமாகச் சாட்டியமை நினைக்கத்தக்கது. தளபதி பதவி நீக்கப்பட்டார். பின், அப்பத்துப்பேருள் சாமுவேல் ஷோ, றிச்சேட் மார்வென் என்னும் இருவர்மேல் அவதூறு வழக்குத் தொடுத்துச் சிறையிலிடுவித்தார். சிறையிலிருந்து அவர்கள் முறையிட, காங்கிரஸ் 1778 யூலை 30ஆந் தேதி, அரசசேவையிலுள்ள எவருடைய முறைகேட்டையும் தக்க அதிகாரிகளுக்கு விரைவில் அறிவித்தல் சேவையிலுள்ளார் யாவருக்குங் கடமை எனத் தீர்மானித்து, அவர்களின் வழக்குச் செலவையும் ஏற்றது. யுத்தத்தின் நடுவிலே, பணமுடையுள்ள ஓர் அரசாங்கம் இதனைச் செய்தது. தளபதியின் தமையனார் அத்தேசத்துச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவருள் ஒருவர் என்பதும் அவர்களைத் தடுக்கவில்லை.

மீண்டும் 2019க்கு வருவோம். கடிதம் மக்குவயரிடந் தங்கிவிட்டதைக் கண்ட பரிசோதகர் அற்கின்சனுக்கு இரண்டு வழிகள் எளிதாயிருந்தன. சட்ட ஆலோசனைப்படி வாய்மூடி இருந்துவிடலாம். அன்றேல் கடிதத்தை இரகசியமாகப் பத்திரிகைக்காரர் கையிற் சேர்த்துவிடலாம். அவர் இரண்டையுஞ் செய்திலர். செப்டெம்பர் 9ஆந் தேதி, அவசரமானதெனத் தாம் துணிந்த ஒரு முறைப்பாடு உண்டென்பதை மாத்திரம் புலனாய்வுக் குழுவுக்கு எழுதினார். அதனுட் கிடந்தது யாதெனச் சொல்லவில்லை. சொல்லத் தமக்கு அதிகாரமில்லாததைச் சொல்லாமலும், மறைக்கத் தமக்கு உரிமையில்லாததை மறையாமலும் நடந்த அக்கடிதம் எமக்கு இவ்வழக்கிலே மிகுந்த வியப்பைத் தருவது. பிரதிநிதிகள் சபைக் குழுத் தலைவர் அடம் ஷிப் அழைப்பாணை விடுத்தார். செப்டெம்பர் 26ஆந் தேதி முறைப்பாடு வெளியிடப்பட்டது. அன்றே மக்குவயர் குழுவின் முன் தோன்றி, முறைப்பாட்டாளரும் பரிசோதகரும் நல்லெண்ணத்தோடு சட்டப்படியே நடந்தனர் என்றும், இத்தகைய நிலை முன்னொருபோதும் நேர்ந்ததில்லை என்றுஞ் சொன்னார். தம்மைத் தற்காக்கும்பொருட்டு மற்றையோரைத் தூற்றாமை அவருக்குப் பெருமை. அடுத்த மாதத்திலே பல்வேறு திணைக்களங்களின் தலைமைப் பரிசோதகர்கள் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் ஒருங்கு கையொப்பமிட்டு, நீதித் திணைக்களத்தின் கருத்து முறைப்பாட்டாளரை அஞ்சி ஒடுங்கச் செய்யுமென்று கண்டித்து எழுதினர்.

பிரதிநிதிகள் சபை 2019 டிசெம்பர் 18ஆந் தேதி குற்றப்பிரேரணையை நிறைவேற்றியது. செனற் சபை 2020 பெப்ரவரி 5ஆந் தேதி சனாதிபதியை விடுவித்தது. அவ்விரு முடிவுகளுள் எது சரியென்பதில் அத்தேசத்தார் இன்னும் உடன்பட்டிலர். எமது விசாரணைக்கு அது வேண்டியதுமன்று. 2020 ஏப்பிரல் 3ஆந் தேதி இரவு, தமது நம்பிக்கையை இழந்தவரென்று சொல்லி, அற்கின்சனைச் சனாதிபதி பதவியினின்றும் நீக்கினார். சட்டம் விதித்த 30 நாள் அறிவித்தல் காங்கிரசுக்குக் கொடுக்கப்பட்டது. ஆயின் அம்முப்பது நாட்களும் அவர் அலுவலகத்தில் இராதபடி விடுமுறையில் வைக்கப்பட்டார். 2025 சனவரியிலே அதே சனாதிபதி மீண்டும் பதவிக்கு வந்து பதினேழு பேரளவான பரிசோதகர்களை நீக்கியபோது அவ்வறிவித்தலும் கொடுக்கப்படவில்லை. நீக்கப்பட்ட அற்கின்சன் ஓர் அறிக்கை வெளியிட்டார். சட்டம் விதித்த கடமையைச் செய்தமையாலேயே தாம் நம்பிக்கையிழந்தவர் எனப்பட்டார் என்று எண்ணாதிருத்தல் அரிது எனச் சொல்லி, அரச உத்தியோகத்தரை நோக்கி, இனியும் முறைகேடு காணின் சட்டம் விதித்த அவ்வழியாலேயே சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.