கார்டில் எழுதிய ரத்தம்

கூடலூர்ப் பக்கம் ஒரு பணியர் குடியிருப்பில் ரத்தப் பரிசோதனை முகாம். கூடமாட உதவிக்குப் போயிருந்தேன். மகனுடைய கார்டை வாங்கிய ஒரு அம்மா கேட்டார்: "கார்டு கொடுத்தாச்சு சாரே. நோவு தீர்ற மருந்து எப்பக் கொடுப்பீங்க?" வலியை மட்டுப்படுத்த ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை உண்டு என்றேன். அவர் கேட்டது அதை இல்லை. தீர்க்கிற மருந்து உலகத்தில் இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுதான் சங்கடம்.

சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாயை அடைக்கிற நோய், சிக்கிள் செல். இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்தது 1952இல், இதே நீலகிரி ஆதிவாசிகளிடம்தான். ஒழிப்பு இயக்கம் என்று ஒன்று வர 2023 ஜூலை ஆயிற்று. அந்த வருஷக் கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் 'காஸ்கெவி' சிகிச்சையை அனுமதித்தன. நோயாளியின் ஸ்டெம் செல்லை எடுத்து, கிரிஸ்பர் என்ற கத்திரியால் மரபணுவில் ஓரிடத்தை வெட்டித் திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். கருவிலிருக்கும் சிசுவுக்கு ஊறுகிற ஹீமோகுளோபின் மறுபடி ஊறுகிறது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நம் அரசு ஆய்வகமும் இதே வழியில் ஒன்றை உருவாக்கி, 2025 நவம்பரில் 'பிர்சா 101' என்று அறிவித்தது. 1900இல் ராஞ்சி சிறையில் செத்த பிர்சா முண்டாவின் பெயர். பெயர் வைப்பதில் மட்டும் நாம் பிந்துவதே இல்லை.

மனிதன் பிறப்பில் கை வைக்கலாமா என்று தத்துவம் பேசுகிறார்கள். பிறப்பில் வந்ததை மாற்றக்கூடாது என்பது எனக்குப் பழகிய பேச்சு. இனிப் பறையடிக்க மாட்டேன்னு எங்க தாத்தா சொன்னப்போ ஊர்த்தெரு அதைத்தான் சொல்லிச்சு. அந்தக் கூட்டத்தோடு என்னால் நிற்க முடியாது.

அதுக்காக எல்லாக் கத்திரிக்கும் கை தட்டவும் மாட்டேன். 2018இல் சீனாவில் ஹெ ஜியான்குயி கருவிலேயே மரபணுவை வெட்டிக் குழந்தைகளைப் பிறக்க வைத்தார். 2019இல் சிறைக்குப் போனார். அந்தக் கத்திரி நம்மூருக்கு வந்தால் முதலில் எதை வெட்டச் சொல்வார்கள்? கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்கிறவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எது குறை என்று தீர்மானிக்கிறவன் யார்? இந்த மரபணு ஒற்றையாக இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து காக்கும். காட்டில் அது கவசமாக இருந்தது.

இப்போதைக்குக் கையில் இருப்பது கார்டுதான். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேர் கார்டையும் ஒத்துப் பார்க்கணுமாம். அகமணத்தில்தான் சாதி உயிர் வாழ்கிறது என்று 1916இலேயே அம்பேத்கர் காட்டினார். அந்த நாட்டில் ஜாதகத்தோடு இன்னொரு பொருத்தம். 'வெளியே கட்டுங்க' என்று சொல்வது சுலபம். பணியர் வீட்டில் யார் சம்பந்தம் பண்ணப் போகிறார்கள்? காஸ்கெவியே கிடைத்தாலும் பையனின் ரத்தம்தான் மாறும்; பிள்ளைகளுக்குப் போகிற மரபணு மாறாது. கார்டு அவனை விடாது.

அந்த அம்மா கார்டை ரேஷன் கார்டோடு சேர்த்து பாலிதீன் பையில் வைத்தார். "பொண்ணு பேசி வச்சிருக்கு சாரே, அவங்ககிட்ட இதைக் காட்டணுமா?"

காட்டுங்க, அந்தப் பொண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்க என்றேன். பையன் என்னைப் பார்க்காமல் எழுந்து போனான்.