பதில் சொல்லும் இடம்

"மனு எழுதிக் குடுக்குற வரைக்கும் ஊர்ல உனக்கு ஒரு மரியாதை இருக்கு. எலெக்‌ஷன்ல நின்னா அது போயிரும் தாயி" என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். அக்கறையில் சொன்னதுதான். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊரான இருக்கன்குடியில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்பதென்று முடிவெடுத்த பிறகு, இதையே பலரும் பல விதமாகச் சொல்லிவிட்டார்கள். பொதுக்காரியம் செய்கிறவளுக்குப் பதவி எதற்கு? நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வேண்டும்.

பல வருடங்களாக நான் செய்துவருவது மனு எழுதும் வேலை. முதியோர் உதவித்தொகை, பட்டாசுத் தொழிலாளர் நல வாரியப் பதிவு, வாரிசுச் சான்று, தெருக்குழாய், தெருவிளக்கு. இவற்றில் சில சாத்தூரிலும் விருதுநகரிலும் முடிய வேண்டியவை. குழாயும் விளக்கும் ஊராட்சியிலேயே முடிய வேண்டியவை. அங்கே முடியாதபோது அவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறோம். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்ணால் அப்படிப் போக முடியாது. காலையில் கம்பெனி வண்டியை விட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் அவளுக்காக நான் போவேன். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும், நக இடுக்கில் ஒட்டிய அலுமினியப் பொடி மினுங்க, "ரசீது குடுத்தாங்களாக்கா?" என்று வந்து நிற்பாள். ரசீதைக் கொடுப்பேன். பிறகொரு நாள், உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் வரும். தண்ணீர் வராது. அப்போதும் அவள் என்னைக் குறை சொன்னதில்லை.

அதுதான் என்னை உறுத்தியது. காரியம் நடந்தாலும் எனக்கு நன்றி, நடக்காவிட்டாலும் நன்றி. ஊரில் எல்லோரையும் கணக்குக் கேட்கிறவளிடம் கணக்குக் கேட்க யாருக்கும் வழியில்லை. பெரியவர் சொன்ன மரியாதை அப்படி வந்தது. அதை இழக்கக்கூடிய இடத்தில் போய் நிற்பதுதான் நேர்மை என்று படுகிறது.

குத்தம்பாக்கம் இளங்கோ இதற்கு முன்னோடி. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர், வேதிப் பொறியியல் படித்தவர், காரைக்குடியில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில் வேலை. அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் பொதுப்பணி செய்தவர், 1996-ல் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். பதவியில் இருக்கும்போதே இடைநீக்கமும் செய்யப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது; பதவிக்குத் திரும்பினார். செலவு செய்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ஊர் முன்னால் பதில் வைத்திருப்பவருக்குத்தான் அப்படியொரு ஆதரவு கிடைக்கும்.

நிற்பது என்பதே எல்லோருக்கும் எளிதாகக் கிடைத்த உரிமையும் அல்ல. எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 தொடங்கிப் பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை ஆதிக்க சாதியினர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் அதே கதை. 2006-ல்தான் அது முடிவுக்கு வந்தது. மேலவளவு முருகேசன் ஊராட்சித் தலைவரானதற்காகவே 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். இவ்வளவு விலை கொடுத்து வந்த வாய்ப்பை, "அரசியல் நமக்கெதுக்கு" என்று ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆள் இல்லாத ஊராட்சி எப்படியிருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும், மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போனது ஊராட்சி. அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ராத்திரி மோட்டார் நின்றுபோனால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. உறுப்பினர் வீடு அடுத்த சந்தில் இருக்கும்.

"நிக்கிறதுன்னா தலைவருக்கு நில்லு, மெம்பரால என்ன ஆகும்?" என்கிறார்கள். ஆகாதது உண்டுதான். பட்டாசு ஆலைக்கு உரிமம் கொடுப்பதும் ரத்து செய்வதும் ஊராட்சியின் கையில் இல்லை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்து இருபது பேருக்கு மேல் பலிகொண்டது. அதுபோல ஒன்றைத் தடுத்துவிடுவேன் என்று ஓட்டுக்காகச் சொல்லமாட்டேன். ஆனால் ஆகக்கூடியதும் உண்டு. ஆடி கடைசி வெள்ளிக்கு எங்கள் ஊர் மாரியம்மனைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. மறுநாள் ஊரெங்கும் கிடக்கும் குப்பையை அள்ளுகிற பெண்களுக்குக் கையுறை உண்டா, கூலி நாளோடு கிடைத்ததா என்று ஊராட்சிக் கூட்டத்தில் உறுப்பினர் கேட்கலாம். பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லலாம். கட்சிச் சின்னம் இல்லாமல், தெருக்காரர்கள் போடும் வெள்ளை வாக்குச்சீட்டில் வரும் பதவி அது. எனக்கு அது போதும்.

நான் கொடுக்கும் வாக்குறுதி ஒன்றே ஒன்று. கிராம சபை கூடும் நாட்களில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் விடுமுறை நாட்கள். ஆலைக்குப் போகிறவர்களும் வரலாம். அவர்களை வீடு வீடாகப் போய் அழைப்பேன். எங்கள் வார்டுக்கு என்ன வந்தது, என்ன செலவானது, எது நடக்கவில்லை என்று அவர்கள் முன் எழுந்து சொல்வேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அந்தத் தங்கச்சி ரசீது கேட்க வேண்டியதில்லை, "ஏன்க்கா வரல?" என்று எல்லோர் எதிரிலும் என்னைக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நிற்கத்தான் தேர்தலில் நிற்கிறேன்.