வளர்ப்புப் பிள்ளையிடம் மறைக்கலாமா?

பிள்ளைப் பேறில்லாத தம்பதியர் உறவினரின் குழந்தையையோ ஆதரவற்ற சிசுவையோ எடுத்து வளர்ப்பது நம் குடும்பங்களில் புதிதல்ல. இது நற்செயல் என்பதில் ஐயமில்லை. யதீமின் பொறுப்பை ஏற்பவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களை உயர்த்திக் காட்டியே விளக்கியிருக்கிறார்கள். கேள்வி வேறு. “நீ எங்களுக்குப் பிறந்த பிள்ளையல்ல” என்று அதனிடம் சொல்லத்தான் வேண்டுமா? பாசத்தின் பேரால் மறைத்தால் என்ன குற்றம்?

இப்படிக் கேட்கும் தாய்மாரின் கண்ணீரை நான் லேசாக எண்ணவில்லை. ஆயினும் ஜைத் (ரலி) அவர்களின் வரலாற்றை அவர்கள் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிறுவயதில் கவர்ந்து செல்லப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வீடு வந்து சேர்ந்தவர் அவர். மகனைத் தேடித் தகப்பனார் ஹாரிஸா மீட்புப் பணத்தோடு மக்கா வந்தார். முடிவை ஜைதிடமே விட்டார்கள் பெருமானார். பெற்ற தகப்பன் எதிரே நிற்க, ஜைத் பெருமானாரையே தேர்ந்துகொண்டார். நபித்துவத்துக்கு முன் நடந்தது இது. அதன்பின் மக்கள் அவரை ‘ஜைத் பின் முஹம்மத்’ என்றே அழைத்தார்கள். மதீனாவில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் இறங்கியதும் அவர் மீண்டும் ‘ஜைத் பின் ஹாரிஸா’ ஆனார். பாசம் குறைந்ததா? ஹிஜ்ரி 8-இல் மூத்தா போருக்குச் சென்ற படைக்கு அவரே முதல் தளபதி. திருமறையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே ஸஹாபியும் அவர்தாம். தகப்பன் யாரென்று நன்கு அறிந்திருந்தே அவர் கொண்ட பாசம் அது. அறியாமையின்மேல் கட்டியதல்ல.

நம் வீடுகளில் மறைத்த செய்தி எப்படி வெளியாகிறது? நிக்காஹ் தஃப்தரில் தகப்பன் பெயர் எழுதும் வேளையில். வலீ யார் என்று கேட்கும்போது. பாகப்பிரிவினைச் சண்டையில் யாரோ ஒரு மாமியின் வாயிலிருந்து! ‘எவருக்கும் தெரியாமலே போய்விட்டால்?’ என்று கேட்கலாம். அப்போதும் அது அநீதியே. பெற்றவளுக்காக துஆச் செய்யும் உரிமை அப்பிள்ளைக்கு உண்டு. தன் உடன்பிறந்தாரையே அறியாமல் மணந்துவிடாதபடி காக்கப்படும் உரிமையும் உண்டு. நஸப் அதற்குரியது; நாம் எடுத்துக்கொள்வதற்கோ கொடுப்பதற்கோ அதில் ஒன்றுமில்லை. தகப்பன் யாரென்றே தெரியாத குழந்தையா? அதை மார்க்கச் சகோதரனாகக் கொள்ளும்படி அதே வசனம் வழி சொல்கிறது. விவரம் தெரியும் வயதிலேயே கதைபோல மெல்லச் சொல்லிவருவது நல்லது. இரண்டு வயதுக்குள் வளர்ப்புத் தாய் முறைப்படி பாலூட்டியிருந்தால் மஹ்ரம் உறவும் ஏற்படும்.

பாட்டனார்களுக்கும் ஒரு சொல். ஆறு வயதில் தாயையும் இழந்த பெருமானாரை எட்டு வயதுவரை வளர்த்தவர் பாட்டனார் அப்துல் முத்தலிப். இன்றும் மகனை இழந்த வீட்டில் பேரனை மடியில் வைத்து வளர்க்கிறோம். ஆனால் அவனுடைய பெரிய வாப்பாவோ சாச்சாவோ உயிரோடிருந்தால் பாட்டனார் சொத்தில் அவனுக்கு வாரிசுப் பாகம் வராது. எகிப்து 1946-லும் பாகிஸ்தான் 1961-லும் இதற்குத் தனிச் சட்டம் செய்தன. நம் நாட்டில் அப்படி ஏதுமில்லை. வாரிசல்லாத இந்தப் பேரனுக்கும் வளர்ப்புப் பிள்ளைக்கும் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் செய்ய ஷரீஅத் இடமளிக்கிறது. உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம். ‘மற்ற மக்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவைக்காமல், உடல்நலத்தோடு இருக்கும்போதே இரண்டு சாட்சிகளை வைத்து எழுதிவிடுங்கள்.