காய்ச்சலுக்குப் பின் மனம்

பிறக்கும் குழந்தையின் மனத்தில் ஏற்கெனவே ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லாமே கண், காது, தோல் வழியாகப் பிறகு வந்து சேர்கிறதா என்பது தத்துவத்தின் பழைய வழக்குகளில் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் மனத்தை வெற்றுத் தாள் என்றார். கடவுள், எண், நன்மை தீமை பற்றிய எண்ணங்கள் பிறவியிலேயே உள்ளவை என்ற கட்சி அவருக்கு எதிரே நின்றது. வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் புலன்களை அடைத்து ஒரு குழந்தையை வளர்த்துப் பார்க்க வேண்டும். பேசாத செவிலியரிடம் பச்சிளங்குழந்தைகளை ஒப்படைத்து வளர்த்துப் பார்த்தவர் என்று அக்பரைப் பற்றி அவர் காலத்து வரலாறே சொல்கிறது. அந்தக் குழந்தைகள் பேச்சில்லாமலே வளர்ந்தன. ஆனால் அவர்களுக்குக் கண் இருந்தது, காதும் இருந்தது. மனிதர் செய்யக் கூசிய மிச்சத்தைப் பெரியம்மையும் ஸ்கார்லெட் காய்ச்சலும் மூளைக்காய்ச்சலும் செய்து முடித்தன. பிழைத்த குழந்தைகளைத் தத்துவவாதிகளும் சமயவாதிகளும் விட்டுவைக்கவில்லை.

முதலில் சாட்சிக்கு இழுக்கப்பட்டவர் நிக்கோலஸ் சாண்டர்சன். 1682-இல் யார்க்ஷயரில் பிறந்து, ஒரு வயது வாக்கில் பெரியம்மைக்கு இரண்டு கண்களையும் பறிகொடுத்தவர். துளைகள் இட்ட பலகையில் ஊசிகளைக் குத்தி, விரலால் தடவியே கணக்குப் போட ஒரு முறையை வகுத்துக்கொண்டார். 1711-இல் கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியில் அமர்ந்து, ஒளியைப் பற்றியும் பாடம் நடத்தினார். அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1749-இல், பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி தீதரோ பார்வையற்றோரைப் பற்றி ஒரு கடித நூல் வெளியிட்டார். அதில் சாவுப் படுக்கையில் கிடக்கும் சாண்டர்சன் ஒரு பாதிரியாரோடு வாதாடுகிறார். உலகின் அழகையும் ஒழுங்கையும் காட்டிக் கடவுளை நிறுவுவது கண்ணுள்ளவர்களுக்கு மட்டும் செல்லும் வாதம், தனக்கு அது செல்லாது என்பது அவர் கட்சி. அந்தக் காட்சி முழுக்க தீதரோவின் கற்பனை. ஆனால் கேள்வி கற்பனையல்ல: புலன் மாறினால் கடவுள் கொள்கையும் மாறுமா? பிரெஞ்சு அரசுக்கு அது பொறுக்கவில்லை. அதே ஆண்டு தீதரோ வின்சென் கோட்டையில் அடைக்கப்பட்டதற்கு அந்த நூலும் ஒரு காரணம்.

சாண்டர்சனுக்குக் காது இருந்தது, ஆகவே மொழியும் இருந்தது. அதுவும் இல்லாத ஒரு குழந்தை அடுத்த நூற்றாண்டில் கிடைத்தது. லாரா பிரிட்ஜ்மன் 1829 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் ஊரில் ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்தார். இரண்டு வயதில் வீட்டுக்குள் புகுந்த ஸ்கார்லெட் காய்ச்சல் அக்காள்கள் இருவரைக் கொண்டுபோயிற்று. லாரா பிழைத்தார். பார்வையும் செவியும் போயின. மோப்பமும் சுவையும் பெரும்பாலும் போயின. தொடுவுணர்வு ஒன்றுதான் மிச்சம். உடம்பு தேறவே ஏறக்குறைய இரண்டாண்டு பிடித்தது.

1837 அக்டோபரில், எட்டு வயது நிறையுமுன், பாஸ்டன் நகரத்தின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னாளில் பெர்கின்ஸ் என்று பெயர் பெற்ற பள்ளி அது. அதன் இயக்குநர் சாமுவேல் கிரிட்லி ஹவ் ஒரு மருத்துவர். சாவி, கரண்டி, கத்தி போன்ற பொருள்களில் மேடெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, எழுத்தின் வடிவத்தையும் பொருளின் வடிவத்தையும் மாறி மாறித் தடவ வைத்தார். பிறகு சீட்டுகளைத் தனியே கொடுத்தார். கரண்டிச் சீட்டைக் கரண்டிமேலும் சாவிச் சீட்டைச் சாவிமேலும் லாரா சரியாக வைத்தார், ஆனால் வாரக்கணக்கில் அது வெறும் ஒப்பித்தலாகவே இருந்தது. ஒரு நாள் அந்த முகம் மாறியதாக ஹவ் எழுதினார்: தன் மனத்தில் இருப்பதை இன்னொரு மனத்துக்குக் காட்ட இது ஒரு வழி என்று குழந்தைக்குப் பிடிபட்டுவிட்டது. அதன்பின், விரல்களால் எழுத்துகளை உருவாக்கி மற்றவர் கையில் உணர்த்தும் விரலெழுத்து விரைந்து வந்தது. தனியாக இருக்கும்போது லாரா தன் கையோடு தானே பேசிக்கொண்டிருப்பார். வலது கை எழுத்துப் பிழை செய்தால் இடது கை அதை ஓர் அடி அடிக்கும். தூக்கத்திலும் விரல்கள் அசைந்து சொற்களை உருவாக்கும். சிந்தனை நாக்கிலோ காதிலோதான் நடக்க வேண்டும் என்பதில்லை, கிடைத்த உறுப்பில் அது குடியேறிக்கொள்ளும் என்பதற்கு அந்தப் பிழைக்கான அடியைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1842-இல் பள்ளியைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் தம் அமெரிக்கப் பயண நூலில் எழுதியபின் லாரா உலகப் புகழ் பெற்றார்.

ஹவின் உண்மையான ஆவல் எழுத்தோடு நிற்கவில்லை. அன்றைய பாஸ்டனில் இரண்டு கிறித்தவங்கள் மோதிக்கொண்டிருந்தன. மனிதன் பிறவியிலேயே பாவி, கிறிஸ்துவின் பரிகாரப் பலியின்றி மீட்பில்லை என்றது கால்வினிய மரபு. குழந்தை இயல்பில் நல்லது, கடவுளை அது தன் அறிவாலேயே கண்டுகொள்ளும் என்றது யூனிட்டேரியன் மரபு. ஹவ் இரண்டாவது கட்சி. லாராவிடம் யாரும் சமயம் பேசக் கூடாது, விவிலியம் காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். இயற்கையை அறிந்து, காரணம் தேடித் தேடி, அன்பான படைப்பாளனை அந்தச் சிறுமி தானே அடைய வேண்டும் என்பது திட்டம்.

1843-இல் ஹவ் திருமணம் செய்துகொண்டு ஓராண்டுக்கும் மேலாக ஐரோப்பா சென்றார். கடவுளைப் பற்றிக் கேள்விகள் கேட்டு லாரா கடிதம் எழுதினார். தக்க காலம் வரும் என்ற தோரணையில் பதில் வந்தது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண் காத்திருப்பாளா? அருகில் இருந்தவர்கள் பாவம், பலி, மீட்பர் என்று பழக்கமான விடைகளைக் கையில் எழுதிவிட்டார்கள். திரும்பி வந்த ஹவ் பள்ளியின் ஆண்டறிக்கையிலேயே தம் சோதனை கெடுக்கப்பட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். மெல்ல லாராவிடம் அவருக்கிருந்த அக்கறையும் குறைந்தது. லாரா பின்னாளில் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்று, ஆழ்ந்த பக்தராக, லேஸ் பின்னியும் தைத்தும் அந்தப் பள்ளியிலேயே வாழ்ந்து 1889-இல் இறந்தார்.

சோதனை கெட்டது என்று ஹவ் சொன்னது சரியில்லை. கெடுவதற்கு அங்கே சோதனையே நடக்கவில்லை. அன்பான படைப்பாளனை நோக்கி இயற்கைப் பாடங்களை அடுக்கிக் கொடுப்பதும் போதனைதான். லாராவின் விரல்களில் எழுதப்படாத ஒரு சொல்லும் அவருக்குள் போகவில்லை. எழுதியவர்களோ இரண்டு சபைகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்.

லாராவிடமே விரலெழுத்தைக் கற்றவர் ஆன் சல்லிவன். ஹவின் அறிக்கைகளைப் படித்துவிட்டு 1887 மார்ச்சில் அலபாமா மாநிலத்துக்குப் போய் ஹெலன் கெல்லருக்கு ஆசிரியையானார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு நோய் ஹெலனின் கண்ணையும் காதையும் பறித்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு கையில் நீர் வழிய, மறு கையில் அதன் பெயர் எழுதப்பட்ட கதை ஊரறிந்தது. அதற்கு முந்தைய நிலையைத் தான் இருப்பதே தனக்குத் தெரியாத ஒரு சூனியமாக 1908-இல் வெளிவந்த நூலில் கெல்லர் வருணித்தார். மொழியில்லாமல் நானென்ற உணர்வே இல்லை என்பவர்களுக்கு இது கைகண்ட ஆதாரம். ஆயினும் அதே கெல்லர், ரொட்டி வேண்டுமானால் துண்டு போட்டு வெண்ணெய் தடவுவதுபோலக் கைகாட்டியதையும், தாயை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே உட்கார்ந்து சிரித்ததையும் எழுதியிருக்கிறார். குறும்பு செய்யும் மனத்தைச் சூனியம் என்று ஏற்பது கடினம். இருபதாண்டு மொழிப் பழக்கத்துக்குப் பிறகு, மொழிக்கு முந்தைய இருளை மொழியிலேயே நினைவுகூர்ந்தவரின் சாட்சியம் அது.

லாராவும் ஹெலனும் காய்ச்சலுக்கு முன் கேட்டது, கண்டது ஏதோ உள்ளே தங்கியிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சுகிறது. பிரான்சின் மாரி ஹெர்தினிடம் அந்த ஐயத்துக்கும் இடமில்லை. அவர் பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லாதவர். பத்து வயதில், 1895-இல், புவாத்தியே அருகே லார்னே கன்னியர் மடத்துக்கு வந்தார். அவருக்கு உயிரான பொருள் ஒரு சிறு மடக்குக் கத்தி. மார்கரீத் என்ற கன்னியாஸ்திரி அதைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு கையை மறு கைமேல் வைத்து அறுக்கும் சைகையைக் காட்டிக் காட்டி, குழந்தை அதைத் திருப்பிச் செய்தபோது கத்தியைக் கொடுத்தார். அங்கிருந்து தொடங்கிய கல்வி, கத்தோலிக்க மறைக்கல்வி வரை போயிற்று. சிறைப்பட்ட ஆன்மா என்ற தலைப்பில் மாரியைப் பற்றி லூயி அர்னூ எழுதிய நூல் பொருள்முதல்வாதத்துக்கு மறுப்பாகப் படிக்கப்பட்டது.

நேர் எதிர்முனையில் சோவியத் ஒன்றியம். 1963-இல் ஸகோர்ஸ்க் நகரில் இத்தகைய குழந்தைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. அங்கு படித்த நால்வர் 1977-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டம் பெற்றனர். மனம் பிறவியில் வருவதல்ல, கரண்டி பிடிப்பது முதலான கூட்டு உழைப்பில் சமூகம் ஆக்கித் தருவது என்ற மார்க்சியக் கொள்கைக்கு மெய்யியலாளர் இலியென்கோவ் இதை நிரூபணமாகக் கொண்டாடினார். நால்வரும் ஓரளவு பார்வையோ செவியோ பேச்சோ பெற்றிருந்தபின் இழந்தவர்கள், பிறவியிலேயே இல்லாதவர்களல்லர் என்று விமரிசகர்கள் பிறகு சுட்டிக்காட்டினர். யூனிட்டேரியனுக்கு இயல்பான நன்மை, கன்னியர் மடத்துக்கு அழியா ஆன்மா, மாஸ்கோவுக்குச் சமூக உழைப்பு என்று ஒவ்வொருவரும் தாம் கற்பித்ததையே குழந்தையிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

சிறைப்பட்ட ஆன்மா என்ற உருவகத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நோய் வாசல்களை அடைத்து, உள்ளே இருப்பவரை விட்டுவைத்த இடத்தில்தான் அது பொருந்தும். அங்கேயும் முழுதாகப் பொருந்துவதில்லை: லாரா இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்த ஹென்றி டொனால்ட்சன், பார்வைக்கும் செவிக்கும் உரிய பகுதிகளில் புறணி மெலிந்திருக்கக் கண்டார். வாசல் அடைபட்டதால் அறையும் குறுகியிருக்கிறது. நோயோ அதன் மருத்துவமோ நேரடியாக மூளையையே தொடும்போது உருவகம் அறவே தடுமாறுகிறது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1960-களின் தொடக்கத்தில் அநேகமாக மரண தண்டனையாக இருந்த நோய் அது. மூளையில் ஒளிந்துகொள்ளும் புற்றணுக்களைக் கொல்ல, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் குழுவினர் தலைக்கு 24 கிரே கதிர்வீச்சும் தண்டுவட நீரில் மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது, அறுபதுகளின் முடிவில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். விலை சில ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் தெரிந்தது. படித்தது மறக்கவில்லை. பேச்சும் பெரிதாகக் குன்றவில்லை. கவனம் நிற்கவில்லை, கணக்கின் முந்தைய வரியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை, சக மாணவர் ஒரு பக்கம் எழுதும் நேரத்தில் அரைப் பக்கம்கூட நகரவில்லை. கதிர்வீச்சு பெற்ற வயது எவ்வளவு இளையதோ அவ்வளவு இழப்பு. ஏனெனில் நரம்பிழைகளின் கொழுப்புறை அந்த வயதில்தான் வேகமாக வளர்கிறது. புதிதாகக் கற்கும் வேகம் குறைவதால், ஒத்த வயதினரோடு உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. வெளியே கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன. உள்ளே முழுமையாக அடைபட்டிருக்கும் ஒருவரை இங்கே எங்கே தேடுவது?

மனத்தை உடலிலிருந்து வேறான தனிப் பொருளாகக் காணும், டெகார்ட் வழிவந்த ஆன்மக் கொள்கைக்கு இது சங்கடம். சைவ சித்தாந்தத்துக்கு அவ்வளவு இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் வகுத்தபடி, உயிர் உடம்பும் அன்று, மனம் புத்தி முதலிய அந்தக்கரணங்களும் அன்று. ஆனால் கருவிகள் கூடாதபோது ஆணவம் என்னும் மலத்தால் மறைப்புண்டு எதையும் அறியாமல் கிடப்பது. அந்தக் கொள்கையில் உள்ளே தெளிவாகச் சிந்தித்துக்கொண்டு கதவைத் தட்டும் கைதி கிடையாது. கருவி எவ்வளவோ அவ்வளவே விளக்கம். கருவி குன்றினால் அறிவு குன்றும், உயிரின் தகுதி குன்றாது என்று இரண்டையும் ஒருசேரச் சொல்ல அதில் இடமிருக்கிறது. ஆனால் குழந்தைக்கு இந்நோய் ஏன் வந்தது என்று கேட்டால் அதே மரபு பழவினையைக் காட்டும். செய்ததை நினைவில் கொள்ளாத ஒருவருக்கு அந்த விடை எந்த வகையில் நியாயம் என்ற கேள்வி அங்கே தீராமல் நிற்கிறது.

மருத்துவத்தில், கருவி குன்றும் சிக்கல் எவ்வளவு கதிர்வீச்சு, எவ்வளவு மருந்து என்ற அளவுக் கேள்வியாக வந்து நிற்கிறது. கதிர்வீச்சு பின்னர் 18 கிரேயாகக் குறைக்கப்பட்டு, இன்று பெரும்பாலான குழந்தைகளுக்குத் தவிர்க்கப்பட்டு, தண்டுவட நீரில் செலுத்தும் மருந்துகளே அதன் இடத்தில் நிற்கின்றன. அவற்றாலும் கவனக் குறைவு ஓரளவு உண்டு. ஒப்புதல் கையெழுத்தைப் பெற்றோர் போடுகிறார்கள். யாருக்காகப் போடுகிறார்களோ அந்த மனம் இனிமேல்தான் உருவாக வேண்டும்; எப்படி உருவாகும் என்பதையும் அந்தக் கையெழுத்தே ஓரளவு தீர்மானித்துவிடுகிறது. மருந்தில்லாமல் வளர்ந்திருக்கக் கூடிய வேறொருவரோடு அவரை ஒப்பிட்டு இழப்பைக் கணக்கிட முடியாது, ஏனெனில் மருந்தில்லாமல் அந்த வேறொருவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். ஆகவே அளவுகோல் ஒத்த வயதுப் பிள்ளைகள்தாம். தேர்வில் கூடுதல் நேரம், பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கொடுத்தல், சிகிச்சை முடிந்து பல ஆண்டு வரை அறிவாற்றல் பரிசோதனை ஆகியவை இந்த ஒப்பீட்டிலிருந்து பிறந்த ஏற்பாடுகளே.