காட்டுப் பொருள் யாருடைய பொருள்?

சென்ற ரமலான் மாதக் கடைசிப் பத்தில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடிந்து சங்கத்துத் திண்ணையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். நமது கடைக்கு அடிக்கடி வரும் வாலிபர் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார். "மாமா, பெருநாளைக்கு லெமாங் செய்ய மூங்கில் வேண்டும். காட்டோரத்தில் புதர் புதராக நிற்கிறது. யாரும் நட்டதுமில்லை, தண்ணீர் ஊற்றியதுமில்லை. நாலு கழி வெட்டிக்கொண்டு வந்தால் அது திருட்டா?"

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று, "அல்லாஹ் முளைப்பித்ததற்கு எவன் ரசீது போடுவது?" என்றார். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற இன்னொருவர், "சட்டம் கூடாதென்றால் கூடாது. அனுமதிச் சீட்டில்லாமல் தொட்டால் ஹராம்தான்" என்றார். பேச்சு முற்றி, தேநீர் ஆறிப்போயிற்று. நாம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்வோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நாம் மதரஸாவில் ஓதியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆகவே தெரிந்தவர்களைக் கேட்டு அறிந்துகொண்டதையே எழுதுகிறோம். இந்நாட்டில் நிலமும் காடும் அந்தந்த மாநில அரசின் அதிகாரத்தைச் சேர்ந்தவை. 1984-ம் ஆண்டின் தேசிய வனச் சட்டம், நிரந்தரக் காப்புக் காட்டிலும் மாநில அரசு நிலத்திலும் உள்ள வனப்பொருள் யாவும் மாநில அரசின் சொத்து என்கிறது. மரம் மாத்திரமல்ல. கொடி, புல், பிரம்பு, மூங்கில், டாமார் பிசின், தேன், மெழுகு, உண்ணத்தக்க பறவைக்கூடு வரை அச்சொல்லில் அடங்கும். எடுக்க உரிமம் வேண்டும், ராயல்டி கட்ட வேண்டும், காட்டை விட்டு வெளியே கொண்டுவர அதற்கென ஒரு சீட்டும் வேண்டும். மீறினால் தொடக்கத்தில் 10,000 வெள்ளி அபராதமும் மூன்றாண்டுச் சிறையும் உச்ச தண்டனையாக இருந்தன. மரத் திருட்டு பெருகவே, 1993-ல் அபராதத்தின் உச்சத்தை ஐந்து லட்சம் வெள்ளியாகவும், சிறையை ஓராண்டு முதல் இருபதாண்டு வரையாகவும் கூட்டினார்கள். 2022-ல் நாடாளுமன்றம் அபராதத்தை இன்னும் பன்மடங்கு உயர்த்திற்று.

இதையெல்லாம் கேட்டபோது நமக்கு முதலில் கோபமே வந்தது. நாம் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். தோட்டத்து எல்லை முடிந்த இடத்தில் காடு ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்கள் கூட்டமாய்ப் போய் மூங்கில் குருத்தும், ஓடையோரத்துப் பாக்குக் கீரையும் மடி நிறையக் கொண்டு வருவார்கள். பெத்தாய்க் காலத்தில் ஆண்கள் மரமேறுவார்கள். மாதக் கடைசியில் கடன் நோட்டில் இடமில்லாத வீடுகளில் அடுப்பெரித்தது அந்தக் காடுதான். யாரும் சீட்டுக் கேட்டதில்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்களெல்லாம் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய்விட்ட பிற்பாடு, அவர்களில் வயதான சிலருக்கு இன்றைக்கும் கைச்செலவுக்கு வழி அந்தக் காட்டோரமே. அவர்கள் மடியையும், மரம் ஏற்றும் லாரியையும் ஒரே சொல்லால் அளப்பதா? மதரஸாவில் நமது உஸ்தாத், தண்ணீர், புல், நெருப்பு இம்மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற நபிமொழியை விளக்கியதும் ஞாபகத்திற்கு வந்தது. திண்ணையில் அப்பெரியவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமலில்லை.

ஆயினும் கோபத்தோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். நமது பேராக் காட்டிலேயே நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

கெத்தா பெர்ச்சா என்றொரு பால் உண்டு. தாபான் என்னும் காட்டு மரத்திலிருந்து வருவது. கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுவதற்கு, உப்புநீர் புகாத உறையாக அதைவிடச் சிறந்த பொருள் அந்நாளில் கிடையாது. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கம்பி போட்டார்கள். பின்னர் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியும் போட்டார்கள். அத்தனைக்கும் உறை, நமது பக்கத்துக் காடுகளிலிருந்து போயிற்று. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதன் விபரீதம் சொல்லாமலே விளங்கும். ரப்பர் மரத்தைப் பக்குவமாகச் சீவினால் மறுபடியும் பால் தரும், பல வருஷம் தரும். தாபான் மரத்துப் பால் அப்படி ஒழுகாது, வெட்டிய இடத்திலேயே உறைந்துவிடும். ஆகவே மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பாலெடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததோ சொற்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய தாபான் மரங்களைத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. எடுத்தவர்கள் ஏழைகள், வாங்கியவர்கள் வியாபாரிகள், கம்பி போட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். காட்டைக் கேட்பாரற்று விட்டதால் ஏழைக்கு மிஞ்சியது வெறுங் காடு. சீட்டும் சட்டமும் பிறகே வந்தன.

சட்டம் நல்லபடி நடந்த இடமும் நமது மாநிலத்திலேயே இருக்கிறது. தைப்பிங்கைத் தாண்டி மாத்தாங் பக்காவ் காடு, ஏறக்குறைய 40,000 ஹெக்டர். 1904 முதற்கொண்டு திட்டம் போட்டு வெட்டுகிறார்கள். ஓரிடத்தில் வெட்டினால் மறுபடி அங்கே முழு வெட்டுக்கு முப்பது வருஷம் செல்ல வேண்டும். நடுவில் பதினைந்தாம் வருஷமும் இருபதாம் வருஷமும் நெருக்கம் குறைக்க மாத்திரம் கழிகள் எடுக்கலாம். பழைய போர்ட் வெல்ட், இன்றைய கோலா செபெத்தாங்கில் உள்ள கரிச்சூளைக்காரர்களுக்கு இவ்வளவு சூளைக்கு இவ்வளவு காடு என்று அளந்து கொடுக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் எரித்தும் காடு நிற்கிறது, மீனும் நண்டும் இருக்கின்றன. கரி விற்ற நமது கடைக்காரர்களில் எத்தனை பேர் இதை அறிவோம்? அளவு தெரிந்து எடுப்பதற்குத்தான் சீட்டு என்பது அங்கே போய்ப் பார்த்தால் புரியும்.

நிற்க. பொதுநிலத்துக்குக் காவல் போடுவது சரித்திரத்தில் புதிதல்ல. அரபு நாட்டில் அறியாமைக் காலத்துத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென்று வேலியிட்டுக்கொள்வது வழக்கம். அதற்கு 'ஹிமா' என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் தனியார் வேலியை ஒழித்து, பொது நன்மைக்காக மாத்திரமே ஹிமா உண்டென்று ஆக்கினார்கள். கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு நிலத்துக்கு ஹுனைய் என்ற தமது விடுதலை பெற்ற அடிமையைக் காவலராக நியமித்து ஒரு கட்டளை இட்டார்கள். சில ஒட்டகமும் சில ஆடுமே உடையவனை உள்ளே விடு, செல்வந்தர்களான இப்னு அவ்ஃபு, இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை உள்ளே விடாதே என்பது அதன் சாரம். அவ்விருவரும் சாமானியரல்லர், பெருமானாரின் உற்ற தோழர்கள். ஆனால் அவர்கள் மந்தை அழிந்தாலும் பேரீச்சந் தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தாலோ அவன் பிள்ளைகளோடு வந்து கலீபாவின் வாசலில் நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் தண்ணீரும் கொடுப்பது லேசு என்று உமர் (ரலி) காரணமும் சொன்னார்கள். நிலத்தைத் திறந்தும் போடவில்லை, எல்லோருக்கும் ஒரேயடியாக மூடவும் இல்லை. பூட்டும் இருந்தது, சாவி யாருக்கு என்ற கணக்கும் இருந்தது.

இங்கேயும் அப்படி ஒரு வாசல் ஓரளவு வைத்திருக்கிறார்கள். 1954-ம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டம், பூர்வகுடிப் பிரதேசமென்று குறிக்கப்பட்ட இடத்தில் வனப்பொருள் எடுக்க, அதற்குரிய கமிஷனரைக் கலந்துகொள்ளாமல் வெளியாருக்கு உரிமம் கொடுக்கலாகாது என்கிறது. வனச் சட்டத்திலும் அவர்கள் வீட்டு விறகுக்கும் குடிசைக்கும் எடுப்பதற்கு ராயல்டியைத் தள்ளிவிட இடமுண்டு. ஜொகூரில் லிங்கியூ அணைக்காகக் காட்டை இழந்த ஜக்குன் மக்கள் வழக்குப் போட்டபோது, உயர்நீதிமன்றம், காட்டில் தேடி எடுத்துப் பிழைக்கும் உரிமையும் ஒரு சொத்துத்தான் என்று ஒப்புக்கொண்டு, இருபத்தைந்து வருஷ வருமானத்துக்கு ஈடாக 2 கோடியே 65 லட்சம் வெள்ளி கொடுக்கச் சொல்லிற்று. ஏட்டில் பெயரில்லாத உரிமைக்கும் எடை உண்டென்று நீதிபதி கண்டார். தோட்டத்தை விட்டு வந்த நம் தமிழ்க் கிழவனுக்கு மாத்திரம் அப்படியொரு சட்டமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அவன் பூர்வகுடியுமல்ல, உரிமம் எடுக்கும் முதலாளியுமல்ல.

இனி, நாம் திண்ணையில் வாயை மூடிக்கொண்டிருந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நமது கடையில் மளிகையோடு அத்தர், சாம்பிராணி, ஊதுக்கட்டையும் விற்கிறோம். ஊது என்பது நம் முன்னோர் அகில் என்றார்களே, அதுதான். மலாய்க்காரர் காஹாரு என்பர். சில வருஷங்களுக்கு முன் பால்மரம் சீவிய கையுள்ள பெரியவர் ஒருவர் பழைய காகிதத்தில் பொதிந்து கொஞ்சம் அகில் துண்டு கொண்டுவந்தார். வாசனை உயர்ந்த தரம். கேட்ட விலையோ நாம் மொத்த வியாபாரியிடம் கொடுப்பதில் பாதிகூட இல்லை. சீட்டு இருக்கிறதா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வாங்கினோம். பெருநாள் நெருக்கத்தில் நல்ல லாபத்துக்கு விற்றும் விட்டோம். ஏழைக்கு உதவினோம் என்று மனத்தைச் சமாதானம் பண்ணிக்கொண்டோம். உதவியென்றால் பாதி விலைக்கா வாங்குவது?

பிறகுதான் அகிலின் சங்கதி தெரிந்தது. எல்லா மரத்திலும் அகில் இராது. காயம்பட்டுப் பூஞ்சணம் பிடித்த மரத்திலே மட்டும் அந்தப் பிசின் ஊறும். வெளியிலிருந்து நிச்சயமாய்ச் சொல்ல முடியாததால், ஒன்றைத் தேடிப் பல மரங்களைச் சாய்த்துவிடுகிறார்கள். அதனால்தான் 1995 முதல் இந்த மரத்தை உலக நாடுகளின் ஒப்பந்தப்படி சீட்டில்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாதென்று வைத்திருக்கிறார்கள். நம் கைக்கு வந்த அந்தக் காகிதப் பொதிக்காக எத்தனை மரம் வெறுமையாய்க் கிடந்ததோ, நாம் அறியோம். தாபான் மரத்தைச் சாய்த்தவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? காட்டிலே நிற்பவன் தன் வயிற்றுக்கு எடுத்தால் அது ஒரு மடி. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் வாங்க ஆரம்பித்தால் அந்த மடிக்கு அடி இல்லாமல் போகிறது.

அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டோம். "பாய், சீட்டு எடுக்கணும்னா ரெண்டு பஸ் மாறி ஈப்போ போகணும். பாரம் மலாயில இருக்கும். அந்த நாள் கூலியும் போயிரும். இம்புட்டுக்கு எவன் குடுப்பான்?" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. நமக்குப் பதில் இல்லை. அகிலை வாங்க முடியாதென்றோம். பொதியை மடித்துக்கொண்டு எழுந்து போனார். இன்னொரு கடையில் விற்றிருப்பார், இன்னும் குறைவான விலைக்கு.

வேறொருவர் கொண்டுவரும் பெத்தாயை இன்றைக்கும் சீட்டுக் கேட்காமல் வாங்குகிறோம். இதை மறைக்கவில்லை. கொத்தைப் பறித்தால் மரம் சாவதில்லை, அடுத்த பருவத்தில் மறுபடி காய்க்கும் என்று நமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொள்கிறோம். சட்டத்தின் முன் அது செல்லுமா என்றால் செல்லாது. அந்த ஓய்வு பெற்ற சகோதரர் இதைப் படித்தால் நம்மைக் கண்டிப்பார். கண்டிக்கட்டும்.

வாலிபரிடம் மறுநாள் நமக்குப் பட்டதைச் சொன்னோம். "தம்பி, உன் வீட்டு லெமாங்குக்கு நாலு கழி என்பது ஒரு கேள்வி, வேன் நிறைய வெட்டிச் சந்தையில் விற்பது வேறு கேள்வி. புதரில் இளங்கழியை விட்டு முற்றியதை எடுத்தால் புதர் பிழைக்கும், மொட்டையடித்தால் பிழைக்காது. ஆனால் நாலு நாலாக எத்தனை பேர் வெட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்க யாராவது வேண்டுமல்லவா? உனக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, மலாய் தெரியும், ஒரு நாள் கூலி போனால் பட்டினி இல்லை. வன அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு வெட்டு. அப்படியே, அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்காக நம் சங்கம் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுத முடியுமா என்றும் விசாரித்து வா" என்றோம். சரியென்று தலையாட்டினார்.

பெருநாளன்று லெமாங் கொண்டுவந்தார். ருசியாகவே இருந்தது. மூங்கில் ஏது என்றோம். போக நேரமில்லாமல் சாலையோர வியாபாரியிடம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். விண்ணப்பத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் அதை நாமே எழுப்புவதாக இருக்கிறோம். மலாயில் எழுதத் தெரிந்த சகோதரர் எவரேனும் இருந்தால் அதற்கு முன் கடையில் வந்து நம்மைச் சந்திக்கவும்.