தூசி அடங்கும் வரை

ரிங்லெட்டிலிருந்து வண்டி வந்து இறங்கிய அன்று ஐந்து பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. 1974ஆம் ஆண்டு லேண்ட்ரோவர், சீரிஸ் 3, குட்டை வண்டி. கேமரன் மலையில் முட்டைக்கோஸ் சுமந்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டுக் கடைசிப் பத்து வருடம் கொட்டகை ஓரமாக மழையில் நின்றது. விற்ற சீனக் கிழவர், "பிரேக் கொஞ்சம் பிடிச்சிருக்கு, ரெண்டு தட்டு தட்டினா விட்டுடும்" என்று மலாயில் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. எத்தனை தட்டு என்பதில்தான் கணக்கு பிசகிவிட்டது.

முதலில் கைபிரேக்கைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் அது சக்கரத்தில் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் தனியாக ஒரு டிரம் இருந்துகொண்டு பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. அது சீக்கிரமே இளகிவிட்டது. அடுத்தது சக்கரங்கள். பிரேக் எண்ணெய் வெளியேறும் சின்ன நிப்பிளைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கணும். சுற்றினால் குற்றம் உள்ளே அடைபட்ட அழுத்தத்தில் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய் உட்பக்கம் வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் செய்யும். சுற்றாவிட்டால் துரு. எங்களுடையது துரு. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். ஓடாத வண்டியில் அந்த ஈரம் பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒன்றாகப் பூட்டிவிடும். லைனிங்கும் டிரம்மும் ஒட்டிப்போய்த் தோலும் சதையும் மாதிரி ஆகிவிடும். இழுவை வண்டி வைத்து இழுத்தால் லைனிங் பிய்ந்து வரும். எனவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு, அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி, டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல்.

எனக்கு இது பிடித்திருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 1974இல், இந்த வண்டி பிறந்த அதே வருடம், ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார்சைக்கிள் பராமரிப்பும் ஜென்னும் பற்றிய புத்தகம் வந்தது. அதில் ஒரு திருகாணி மாட்டிக்கொள்ளும் இடத்தை நம்மில் பலர் படித்திருப்போம். கழலாத ஒரு ஆணியின் மதிப்பு அந்த மோட்டார்சைக்கிளின் முழு விலைக்குச் சமம், அந்த முட்டுச்சந்தில்தான் மனம் உண்மையிலேயே பார்க்கத் தொடங்குகிறது என்பதுபோல் அவர் வாதம் போகும். டிரம்மைத் தட்டிக்கொண்டிருந்தபோது அதுதான் மனதில் ஓடியது. என்னைப் பற்றி எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. இந்த மாதிரி மரியாதை வரும்போது கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் தட்டியது நான் மட்டுமில்லை. ஈப்போவுக்கு வெளியே ஒரு பட்டறையில்தான் வேலை நடந்தது. அங்கே வங்காளதேசத்துப் பையன் ஒருவன் எனக்கு உதவியாக இருந்தான். உதவி என்றால், கஷ்டமானதை அவன் செய்வான், நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு சனிக்கிழமை காலை முதல் டிரம் கழன்றது. மூன்று திருகாணிகளை எடுத்துவிட்டு, டிரம்மில் இருக்கும் மரையுள்ள துளையில் ஆணி ஒன்றை முறுக்க முறுக்க, 'டப்' என்று விட்டது. உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் கைப்பிடியளவு தூள். அவன் காற்றுக்குழாயை எடுத்து அதை ஊதினான்.

அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பிரிட்டனில் 1999இல்தான் முழுத் தடை வந்தது. இந்த வண்டிக்கு இடையில் புது லைனிங் மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருந்திருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் காற்றடித்து ஊதக்கூடாது, தண்ணீரில் நனைத்துத் துடைத்தெடு என்கிறார்கள். மூச்சில் போன நார் 20, 30 வருடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு நோயாக எழும்பலாம். இதெல்லாம் முதல்நாள் ராத்திரியே நான் படித்துவிட்டேன்.

அவன் ஊதினான். நான் முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது டிரம்முக்கும் அப்படியே. மூன்றாவதில்தான் வாயைத் திறந்தேன். "ஊதாதே, தண்ணி போடு" என்றேன். அவன் சிரித்தான். "தா அபா, போஸ்." பரவாயில்லையாம். பட்டறைக்காரர் அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, இவன் தினமும் செய்ற வேலைதான். நனைச்சுக்கிட்டு இருந்தா பொழுது போயிடும்" என்றார்.

பிர்சிக்கோடு எனக்கு இருக்கும் சண்டை இங்கேதான். அவருடைய அந்தக் காட்சியில் ஒரு மனிதனும் ஒரு திருகாணியும் மட்டும்தான். மூன்றாவது ஆள் இல்லை. கவனம், பொறுமை, பொருளின் மீது அன்பு எல்லாம் அந்த இருவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நானும் அந்த டிரம் மீது அவ்வளவு கவனமாக இருந்தேன். சுத்தியல் அதிகம் பட்டால் வெடித்துவிடுமே என்று துணி வைத்துத் தட்டினேன். இரும்புக்குத் துணி வைத்தேன்!

சமாதானங்கள் இருக்கின்றன, அவற்றை அலட்சியமாகத் தள்ளவும் முடியாது. ஆபத்து அளவைப் பொறுத்தது. இரண்டு டிரம் தூசியில் ஒருவன் சாகப்போவதில்லை. நான் இல்லாவிட்டாலும் வேறு வண்டியில் அவன் ஊதத்தான் போகிறான். அவனே பரவாயில்லை என்கிறான். மூன்றில் முதலாவது ஓரளவு உண்மை. இரண்டாவது, எல்லோரும் சொல்லக்கூடியது. அதனாலேயே எவருக்கும் உதவாதது. என்னைத் தொந்தரவு செய்வது மூன்றாவது. அவனுடைய வேலை பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அந்த முதலாளி கேட்கும் தூரத்தில் நிற்கும்போது அவன் சொல்லும் 'தா அபா'வைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அதோடு, தூளில் என்ன இருக்கிறது என்று நான் அவனிடம் சொல்லவே இல்லையே. தெரியாத ஒன்றுக்கு ஒருவன் எப்படிச் சம்மதிப்பான்?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதாக இருக்கக்கூடாது. அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவர் வெளிவந்தது. அதே வருடம் ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட, அவசரகாலம் தொடங்கியது. அவசரகாலம் 1960இல் முடிந்தது. லேண்ட்ரோவர் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. அப்பாவுக்கு அது 'துரை வண்டி'தான். நான் வாங்கப்போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வேற வண்டி கெடைக்கலையாடா?"

அப்புறம் ஒருநாள் தானாகவே சொன்னார். "துரை வண்டி வந்தா சைக்கிள்ல இருந்து எறங்கி ஓரமா நிக்கணும். ஏறிப் போறவன் கிராணிகிட்ட ஏச்சு வாங்குவான். எறங்கி நின்னா அவ்வளவு செம்மண்ணும் மூஞ்சிலதான். தூசி அடங்கற வரைக்கும் நின்னுட்டுதான் ஏறுவோம்." யாராவது அப்படிச் சட்டம் போட்டார்களா என்று கேட்டேன். "யாரும் சொல்லல. எல்லாரும் எறங்குவாங்க, நாங்களும் எறங்குவோம்" என்றார்.

செம்மண்ணும் ஆஸ்பெஸ்டாசும் ஒன்றல்ல. நான் துரையுமல்ல, மாதத் தவணை கட்டும் ஆள். ஒப்பீட்டை ரொம்ப இழுத்தால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சுலபமான தண்டனையாகிவிடும், அதில் ஒரு சுகம்கூட உண்டு. ஆனால் துரைக்குக் கெட்ட எண்ணம் தேவைப்படவில்லை என்பது மட்டும் எனக்கு இப்போது புரிகிறது. அவருக்குப் போக வேண்டிய இடம் இருந்தது. அன்றைக்கு எனக்கும் இருந்தது.

திங்கட்கிழமை நல்ல முகமூடி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். பையனிடம் எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் இரண்டு டிரம்மைப் பற்றியும். கேட்டுக்கொண்டான். "போஸ் அன்னிக்கே தெரியுமா?" என்றான். ஆமாம் என்றேன். பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தான். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. முகமூடியை இப்போது போடுகிறானா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது டிரம்மை நனைத்துக் கழற்றிய பிறகு, நான்காவது சக்கரத்தை வீட்டு வாசலில் நானே செய்வதாக வண்டியைக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு வாரம் பிடித்தது. கரும்பழுப்பாக வடிந்த தண்ணீரைத் துணியில் ஒற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். புது சிலிண்டர்கள், புது லைனிங், புதுக் குழாய். கடைசியில் எண்ணெயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உள்ளே பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அப்பாவைக் கூப்பிட்டேன்.

வந்தார். கதவைத் திறந்தார். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"செருப்போடவே ஏறுங்கப்பா, பெடல் வழுக்கும்."

"இருக்கட்டும்டா" என்றவர், ஸ்டியரிங்கைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் முகமூடியைச் சரிசெய்துகொண்டு சக்கரத்துக்கடியில் படுத்தேன்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"விடாதீங்க."

"விடல, நீ பாரு."